கப்பல் ஆயாவின் பிறந்த ஊர்

எங்கள் பெரியப்பாவுக்கு ஏழு தலைமுறை ஆண்களின் பெயர் மனப்பாடம். குலதெய்வத்துக்குப் படையல் போடும் நாளில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கற்பூரம் காட்டுவார். அந்த ஏழு பேருக்கும் வாழ்க்கைப்பட்ட பெண்கள் யார், எந்த ஊரில் பிறந்தவர்கள் என்று கேட்டால் மூன்று பேருக்கு மேல் அவரால் சொல்ல முடியாது. அந்த மூன்றிலும் ஒன்று வெறும் அடைமொழிதான்: கப்பல் ஆயா.

போளூர்ப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். கப்பல் ஆயா என் அப்பாவின் அப்பாவைப் பெற்றவர். கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தார், திரும்பி வந்து நிலம் வாங்கினார், புருஷன் போன பிறகு தனி ஆளாக ஏர் பூட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். வீட்டில் இவ்வளவுதான் சொல்வார்கள். எந்த நாட்டுக்குப் போனார் என்றால் ரங்கூன் என்பார்கள். பிறந்த வீடு எது என்று கேட்டால் பேச்சு மழைக்கும் பயிருக்கும் போய்விடும்.

ஒரு பெண்ணின் பிறந்த ஊர் நம் குடும்பங்களில் அவ்வளவு சுலபமாக மறந்துபோகிற விஷயமே இல்லை. தாய்மாமன் இருக்கும்வரை மறக்க விடமாட்டார். காது குத்த அவர் மடி வேண்டும், சீர்த்தட்டு அவர் வீட்டிலிருந்து வர வேண்டும், கல்யாணத்தில் பட்டம் கட்ட அவர் வேண்டும். என் தாத்தாவின் கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு நின்றவர் தெருவில் மாமா என்று கூப்பிடப்பட்ட ஒருவராம். உறவே இல்லாதவர். அத்தை இதைச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. தாத்தாவைப் பெற்றவளுக்கு ஒரு ஊர் இருந்திருக்கிறது. அதை யாரோ வேண்டுமென்றே பேசாமல் விட்டிருக்கிறார்கள்.

என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து நாற்பது வருடம் எழுதினார். பள்ளி விடுமுறைகளில் பழைய பத்திரங்களை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, தமிழ் எண்கள், நீட்டி இழுத்த கையெழுத்து, ஒரே வாக்கியமாக இரண்டு பக்கம் ஓடும் வாசகம். எதையெல்லாம் தாண்டிப் படிக்கலாம், எந்தச் சொல்லில் நின்று கவனிக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். இந்தத் தேடலில் எனக்கு உதவிய கல்வி அது ஒன்றுதான்.

முதல் தடயம் காகிதமே இல்லை, தங்கம். ஆயாவின் காசுமாலையை மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டார்கள். பெரும்பாலானவை உருக்கப்பட்டுக் கம்மலும் வளையலுமாகிவிட்டன. அத்தையிடம் இரண்டு காசுகள் மட்டும் உருக்காமல் இருந்தன. ஒன்றில் முக்காடு போட்ட விக்டோரியா ராணி. அந்த உருவம் 1893 முதல் 1901 வரை அடிக்கப்பட்ட சவரன்களில் வருவது. இன்னொன்றில் தாடி வைத்த ஓர் ஆள். யாரோ துரை என்று அத்தை நினைத்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலையைச் சுற்றித் தென்னாப்பிரிக்கக் குடியரசு என்று டச்சு மொழியில் எழுதியிருக்கிறது. தாடிக்காரர் பால் க்ரூகர், டிரான்ஸ்வாலின் அதிபர். அந்தத் தங்கக் காசு 1892 முதல் 1900 வரைதான் அடிக்கப்பட்டது. ரங்கூனுக்குப் போனவர் கழுத்தில் க்ரூகர் தொங்க வாய்ப்பு மிகக் குறைவு.

அங்கிருந்து நேராக நிலத்துக்குப் போனேன். வில்லங்கம் பார்ப்பது இன்று கணினியில் நடக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது நூறு வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பதிவேடுகளைக் கையால் புரட்ட வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் நகலெடுக்கப்பட்டிருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று ஆட்களின் பெயரை வைத்து, இன்னொன்று சொத்தை வைத்து. பெண்களைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் பெயர் அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள். பெண்ணின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் இருக்கும். நிலம் பெயர் மாற்றிக்கொள்ளாது. ஊரையும் புல எண்ணையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

கிடைத்தது ஒரு கிரயப் பத்திரம். குரோதி வருஷம் தை மாதம். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்பதால் குரோதி 1844இலும் வரும், 1904இலும் வரும், 1964இலும் வரும். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியும் இருந்தது. 1905ஆம் வருடத் தொடக்கம். புன்செய் நிலம், கிரயம் 180 ரூபாய். வாங்குபவர் ஆயா. “நெட்டால் தேசம் போய்த் திரும்பிய” இன்னாரின் பெண்சாதி என்று எழுதியிருந்தது. அவருடைய தகப்பன் பெயர் இல்லை. பெண்ணுக்குப் புருஷன் பெயர் போதும் என்பது அந்தக் காலப் பத்திர வழக்கம். ஆனால் கொஞ்சம் கீழே போனால் அப்பா கற்றுக்கொடுத்தபடி நின்று படிக்க வேண்டிய ஒரு சொல் வந்தது: சுயார்ஜிதம். ஆயா தாமே சம்பாதித்த பணத்தில் இந்த நிலத்தை வாங்குகிறார் என்று எழுதி, சாட்சி போட்டு, பதிவு செய்திருக்கிறார்கள். 1899 முதல் ஒரு சவரனுக்குப் பதினைந்து ரூபாய் என்று அரசாங்கம் விகிதம் வைத்திருந்தது. 180 ரூபாய் என்றால் பன்னிரண்டு சவரன். பன்னிரண்டு காசுகளை மாலையிலிருந்து கழற்றிக் கொடுத்தாரா, மூட்டையில் முடிந்து வைத்திருந்தாரா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை. அப்போது பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டு, சென்னையிலிருந்து டுரூரோ என்ற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். எங்கள் போளூர் அப்போது இருந்த வட ஆற்காட்டு மாவட்டம் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் தண்டனை.

இவர்களைப் பற்றிய ஆவணங்கள் அபூர்வமான முழுமையோடு இருக்கின்றன. காரணம் பரிவு ஒன்றும் இல்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கு முடிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் தேதி தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பிறகு வரும் ஒவ்வொரு காகிதத்திலும், கல்யாணப் பதிவோ குழந்தைப் பிறப்போ முறையீடோ எதுவானாலும், பெயருக்குப் பக்கத்தில் அதே எண் வரும். எண்ணைப் பிடித்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்.

டர்பனில் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி–லுதுலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. நான் அங்கே போனதில்லை. எனக்காகப் பார்த்துக் கொடுத்தவர் டர்பனில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். நான்காம் தலைமுறை. தமிழ் பேச வராது; ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கத் தவறமாட்டார். அவரும் என்னைப் போலத் தேடிக்கொண்டிருந்தவர்தான், எதிர்த்திசையில். கப்பல் பட்டியலில் அவர் கொள்ளுத்தாத்தாவுக்கான வரியில் ஒரு கிராமத்தின் பெயர் யாருக்கும் புரியாத ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்த ஊரைக் கண்டுபிடித்துத் தருவது என் பங்கு, ஆயாவைக் கண்டுபிடிப்பது அவர் பங்கு என்று பேசிக்கொண்டோம். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த ஒரு சொல் அவருக்கு நன்றாகப் புரியும்.

ஆயாவை நேராகத் தேடுவதில் பயனில்லை. அவருடையது ஓர் அம்மன் பெயர்; எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். அதையும் ஒவ்வொரு எழுத்தரும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அக்கா ஆயாவின் புருஷனிலிருந்து, அதாவது எங்கள் கொள்ளுத்தாத்தாவிலிருந்து, தொடங்கினார். அவருடைய ஊர், தகப்பன் பெயர் இரண்டும் கிரயப் பத்திரத்தில் இருந்தன. 1897இல் போன கப்பல் ஒன்றில் அவர் வரி கிடைத்தது. அந்த எண்ணை வைத்துக் கல்யாணப் பதிவைத் தேடினார். 1891ஆம் வருடச் சட்டப்படி, ஒப்பந்த இந்தியர்கள் தங்கள் கல்யாணத்தை இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம் பதிய வேண்டும். 1901இல் ஒரு பதிவு. மணமகனின் எண்ணுக்குப் பக்கத்தில் மணமகளின் எண். அங்கிருந்து மணமகளின் கப்பலுக்கு ஒரே தாவல்.

ஆயாவின் வரியை அக்கா படமெடுத்து அனுப்பினார். 1898ஆம் வருடம். வயது 22. புருஷன் பெயருக்கான இடம் காலி. தகப்பன் பெயர் இருந்தது. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா பலமநேர். அடையாளம் என்ற கட்டத்தில் இடது புருவத்தின் மேல் தழும்பு என்று எழுதியிருந்தது. போனை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அத்தைக்குத் தொண்ணூறு வயது. ஆயாவின் மடியில் உட்கார்ந்த கடைசி ஆள். எதையும் சொல்லாமல், ஆயா முகம் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். “குள்ளமாக இருப்பாள். இந்த இடத்தில் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும்” என்று இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அப்போது கண் நிறைந்துவிட்டது. படத்தைக் காட்டினேன். அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

22 வயது என்றால் பிறந்தது 1876. தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோமே, அது. பட்டியல்களில் வயது உத்தேசமாக எழுதப்பட்டதுதான். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பஞ்சத்தில் பிறந்தோ பஞ்சத்தில் தவழ்ந்தோ பிழைத்த குழந்தை. தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்த அந்தப் பஞ்சத்தைத் தாண்டிய ஒருத்தி, 22 வயதில் புருஷன் துணை இல்லாமல் கப்பலேறும் கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் பெயர் கொடுக்கிறாள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் ஏற வேண்டும் என்று விதி இருந்ததால், தனியாக வரும் பெண்களை ஆள்பிடிக்கிறவர்கள் தேடித் திரிந்தார்கள். சந்தையிலோ சத்திரத்திலோ யாரோ இவரிடம் பேசியிருக்க வேண்டும். பட்டியலில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, ஏன் போகிறாய் என்பதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த வரியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆயாவின் எண்ணுக்கு அடுத்த எண் ஒரு பெண் குழந்தையுடையது. வயது இரண்டு. தகப்பன் பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை. அதே பலமநேர், அதே கிராமம். குறிப்புக் கட்டத்தில், வந்து இறங்கிய சில மாதங்களில் இறந்தது என்று எழுதியிருந்தது. நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு குழந்தை. அத்தையும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் பொங்கல் வைத்துப் படைப்பார்கள். வீட்டில் பூவும் பொட்டுமாகச் செத்தவர்களை, கன்னியாகப் போனவர்களை அழைத்துப் புடவை வைத்துக் கும்பிடுவது. எல்லோரும் புடவை வைப்பார்கள். நாங்கள் புடவையோடு ஒரு சின்னப் பாவாடையும் சட்டையும் வைப்போம். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவு. யாருக்கு என்று நான் சிறுமியாக இருக்கும்போதே கேட்டிருக்கிறேன். “ஆயா வைத்தாள், அதனால் வைக்கிறோம்” என்பதுதான் பதில். என் உடன்பிறந்த அக்கா கல்யாணத்துக்கும் வைத்தோம், என் கல்யாணத்துக்கும் வைத்தோம். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. நிறத்தைக்கூட மாற்றக் கூடாது. ஆவணங்களை வைத்து இதை நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பாவாடை எந்தக் குழந்தைக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நேட்டாலில் ஆயா கழித்த ஆறேழு வருடங்களைப் பற்றி இன்னும் ஒரே ஒரு காகிதம் கிடைத்தது. குடியேற்றத் துறைக் கோப்புகளில் ஒரு முறையீடு. வடகரையில் அவர் வேலை செய்த கரும்புத் தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் நடந்து மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கிறார்கள். உடம்பு சரியில்லாத நாட்களுக்கு அரிசியும் பருப்பும் தருவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாக எழுதப்பட்ட நான்கு வரிகள், கீழே மூன்று கைநாட்டு. ஒன்றின் பக்கத்தில் ஆயாவின் எண். வேலை செய்யாத நாளுக்குப் படி இல்லை என்பது அந்தத் தோட்டத்தில் மட்டும் நடந்ததல்ல, நேட்டால் முழுக்க அதைப் பற்றிய முறையீடுகள் இருக்கின்றன. சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வந்ததற்காக எச்சரித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று கோப்பு முடிகிறது. குழந்தை இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நிலையில், தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் நடந்து போய்ச் சொன்ன பெண். ஏர் பூட்டிய கதையை வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்ததற்கான காரணம் மட்டும் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1895இல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். முதலில் இருபத்தைந்து பவுண்டு கேட்டார்கள். வைஸ்ராய் எல்ஜின் ஒப்புக்கொண்டது மூன்றுக்கு. மூன்று பவுண்டு என்பது அறுபது ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதல் வருடத்தில் ஆண் வாங்கிய பத்து ஷில்லிங் கணக்குப்படி ஆறு மாதச் சம்பளம். பெண் வாங்கிய ஐந்து ஷில்லிங் கணக்குப்படி ஒரு முழு வருடச் சம்பளம். பெண்களும் கட்ட வேண்டும். 1903இல் பதினாறு வயது நிரம்பிய பையன்களுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கும்கூட அந்த வரியை நீட்டினார்கள். இரண்டு பேரும் 1904இல் கிளம்பிவிட்டார்கள். திரும்பும் கப்பலின் பட்டியலில் இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாத்தா அடுத்த வருடம் போளூர்ப் பக்கத்தில் பிறந்தார். அந்த வரியை எதிர்த்து 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள், 1914இல் வரி ஒழிந்தது. ஆயா அப்போது மல்லாட்டைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

தென்னாப்பிரிக்காவில் 1899இல் தொடங்கிய போயர் போரில், காயம்பட்டவர்களைக் கொள்ளுத்தாத்தா காந்தியோடு சேர்ந்து டோலியில் தூக்கினார் என்று பெரியப்பா வெளியே சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நேட்டால் என்ற பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான், ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன். காயம்பட்டவர்களைச் சுமந்த அந்தப் படையில் இருந்த சுமார் 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள்தான். அதனால் நடந்திருக்கக்கூடியது. ஆனால் அவர் அதில் இருந்ததாக ஒரு காகிதமும் இல்லை. காகிதம் கிடைக்கும்வரை அதைக் குடும்ப வரலாற்றில் சேர்க்க மாட்டேன்.

பலமநேர் அன்று வட ஆற்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போய், இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயரை எழுத்தர் சிதைத்திருந்தார். அக்காவின் ஊருக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். தாலுகாவைத் தாண்டி எங்கும் போகாமல், அந்தத் தாலுகாவின் கிராமப் பெயர்களை எல்லாம் எழுதி வைத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்துப் படித்து எது பொருந்துகிறது என்று பார்ப்பது. கண்ணை நம்பக் கூடாது, காதை நம்ப வேண்டும். இரண்டு கிராமங்கள் மிஞ்சின. ஒன்றில் தமிழ் பேசுபவர்கள் கிடையாது. இன்னொன்றில் பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறார்கள். ஆயா கணக்குப் பார்க்கும்போது வாய்க்குள் தெலுங்கில்தான் எண்ணுவார் என்று அத்தை சொல்லியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். ஏரி, ஒரு வேப்பமரத்தடி அம்மன், நிறையக் காலி வீடுகள். ஆயாவின் தகப்பன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. நூற்றிருபத்தைந்து வருடம் கழித்துத் தெரிந்தால்தான் ஆச்சரியம். என்னைக் கஷ்டப்படுத்தியது வேறு. வேலூரில் காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். கடல் தாண்டிப் போய்த் திரும்பிய பிறகு ஆயா இந்த மண்ணில் நாற்பது வருடத்துக்கு அருகில் வாழ்ந்தார். ஒருமுறைகூடப் பிறந்த ஊருக்குப் போகவில்லை. அங்கிருந்து யாரும் வரவுமில்லை.

காரணம் கப்பல் பட்டியலில் ஆயாவுக்கான அதே வரியில்தான் இருந்தது. சாதி என்ற கட்டத்தில் எழுதியிருந்த சொல் எங்கள் வீட்டில் நாங்கள் சொல்லிக்கொள்ளும் சாதியின் பெயர் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் வரியில் இருந்தது எங்கள் சாதி. ஆயாவுடையது வேறு. ஊரில் நடக்கவே முடியாத கல்யாணம் டர்பனில் ஓர் அதிகாரியின் முன்னால் நடந்திருக்கிறது. திரும்பி வந்தவர்கள் போளூர்ப் பக்கம் குடியேறியபோது, பெண் எந்த ஊர் என்ற கேள்விக்குக் கப்பல் என்றே பதில் சொல்லிவிட்டார்கள். தாத்தாவின் மூன்று பிள்ளைகளுக்கும் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள்.

பெரியப்பாவிடம் சொன்னேன். “வெள்ளைக்காரன் தப்பாக எழுதியிருப்பான்” என்றார். நியாயமான ஐயம்தான். எழுத்தர்கள் தப்பாக எழுதியதுண்டு. டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அதனால்தான் கல்யாணப் பதிவின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடம் கழித்து, வேறு எழுத்தர், வேறு அலுவலகம். அதிலும் அதே சொல். பெரியப்பா அதன் பிறகு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இதை எழுதாதே என்று பெரியம்மா அழுதார். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, இன்றும் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பயத்துக்காகத்தான் ஒரு பெண் தன் தாய் தகப்பன் பெயரைச் சாகும்வரை வாயில் எடுக்காமல் இருந்தார். ஊர்க் கணக்கர் எழுதிய இறப்புப் பதிவில் இன்னார் மனைவி, காய்ச்சல் என்று இருக்கிறதே தவிர அவர் பெயர்கூட இல்லை. அவரைக் கூலியாக வாங்கியவர்கள் எழுதிய வரியில்தான் அவர் இன்னாரின் மகள் என்று இருக்கிறது. அதை நானும் மூடி வைக்க மாட்டேன்.

அத்தையிடம் அனுமதி கேட்டேன். “எழுது பாப்பா. பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றார். அவர் வார்த்தைக்காக இரண்டையும் இங்கே விட்டிருக்கிறேன். வீட்டில் வைத்திருக்கும் வம்சாவளி நோட்டில் இரண்டையும் முழுதாக எழுதியாயிற்று. அந்தக் குழந்தையின் பெயரையும், அதன் தகப்பன் பெயரையும் சேர்த்து.

அடுத்த வேலை சித்தூரில். ஆயாவின் தகப்பன் பெயரில் அந்தக் கிராமத்தில் பட்டா இருந்ததா என்று நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதிய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் பார்க்க வேண்டும். இருந்தால், அந்த நிலம் யார் கைக்குப் போனது என்று அடுத்தடுத்த பதிவேடுகளில் தொடரலாம்; அண்ணன் தம்பி வழி யாராவது கிடைக்கக்கூடும். அக்காவும் டர்பனிலிருந்து வருகிறார். அவருடைய ஊர் செய்யாறு பக்கம் என்று உறுதியாகிவிட்டது. அவரை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டு, பிறகு இரண்டு பேருமாகச் சித்தூருக்குப் பஸ் ஏறப்போகிறோம்.